பெரியவள் சுரண்டச் சொன்ன சுவர்

அத்தியாயம் பதினொன்று

அதிகாரி வருகிறார் என்றால் எல்லாப் பள்ளிக்கூடத்திலும் சுவருக்கு வெள்ளை அடிப்பார்கள். பெரியவள் ஒருத்திதான் அடித்திருந்த வெள்ளையைச் சுரண்டச் சொன்னவள்.

விடாமல் படித்து வருகிறவர்களுக்கு இது தெரியும். இந்த வாரம்தான் கையில் எடுத்தவர்களுக்காக நாலு வரி. பெரியவள் ஓர் அரசுப் பள்ளியின் தலைமை ஆசிரியை. அவள் தங்கை, நாம் சின்னவள் என்று சொல்கிறவள், கல்வித் துறையின் கட்டடப் பிரிவில் பொறியாளர். பெரியவளின் கணவர் பூச்சு வேலையும் பெயின்ட் வேலையும் எடுத்துச் செய்கிறவர். சுவரில் கீறலைக் கண்டுவிட்டால் பட்டி பார்க்காமல் அவருக்குச் சோறு இறங்காது. அதனால் குடும்பத்தில் அவருக்குப் பட்டி மாமா என்றே பெயர் நிலைத்துவிட்டது. மனைவியின் பள்ளிக்கூடத்தைக் கூலி வாங்காமல் வருடக்கணக்காகப் பூசி மெழுகி நிறுத்தி வைத்திருந்தவர் அவர்தான்.

அதுவே வினையாகப் போயிற்று. பள்ளிகளுக்குச் சீரமைப்பு நிதி கொடுப்பதற்குத் துறை 'பழுது விகிதம்' என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறது. ஒரு கட்டடத்தைப் பழுதுபார்க்க ஆகும் செலவு, அதை இடித்துப் புதிதாகக் கட்டும் செலவில் எவ்வளவு பங்கு என்று பார்ப்பார்கள். பங்கு ஏற ஏற வரிசையில் முன்னால் போகலாம். ஒழுகுகிற பள்ளிகள் ஒவ்வொன்றாக முன்னால் போயின. மாமா பட்டி பார்த்த பள்ளி மட்டும் பளபளவென்று வரிசையின் கடைசியில் நின்றது.

"உங்க ஸ்கூலுக்கு என்னக்கா, பாக்க புதுசு மாதிரி இருக்கு. அதான் காசு வரமாட்டேங்குது," என்று சின்னவள் ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னாள். அவள் என்னவோ சும்மாதான் சொன்னாள். பெரியவள் அதைச் சும்மா விடவில்லை. ஆய்வுக் குழு வருவதற்கு முந்திய விடுமுறையில் மாமாவை ஏணியும் உளியுமாகப் பள்ளிக்கு இழுத்துப் போனாள். அவர் பூசியதையெல்லாம் அவரையே கொத்தி எடுக்கச் சொன்னாள்.

"கொஞ்சம் அசிங்கமா இருக்கணும். ஆனா பயமா இருக்கக் கூடாது," என்பது அவள் போட்ட உத்தரவு.

இந்தக் கூத்து எதுவும் தங்கைக்குத் தெரியாது. சொந்த அக்காவின் பள்ளி என்பதால் அந்த ஆய்வுக்கு அவளை அனுப்பவில்லை. வேறு ஆட்கள் வந்தார்கள், பார்த்தார்கள், உச்சுக் கொட்டினார்கள், எழுதிக்கொண்டு போனார்கள்.

இன்று அதன் முடிவைச் சொல்கிறார்கள்.

*

காலையில் பெரியவள் வழக்கத்தைவிட முன்னாலேயே பள்ளிக்கு வந்து வராந்தாவில் ஒரு நடை நடந்தாள். ஜன்னல்களுக்கு மேலே செங்கல் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. தூண் ஓரங்களில் பூச்சு பெயர்ந்து சிமென்ட் உதிர்ந்து கிடந்தது. வேறு எந்தத் தலைமை ஆசிரியைக்கும் இதைப் பார்த்தால் வயிறு எரியும். இவளுக்கு உச்சி குளிர்ந்தது. கூரை ஒழுகாத அறிவியல் அறை, தண்ணீர் வருகிற கழிவறை, கைப்பிடி ஆடாத படிக்கட்டு என்று மனதுக்குள் அவள் ஏற்கெனவே கட்டி முடித்துக் குடியேறியிருந்தாள்.

மாடிப்படியில் சின்னவளின் மகள் எதிரே வந்தாள். அவள் இந்தப் பள்ளியில்தான் படிக்கிறாள், மாடியில் படிக்கட்டை ஒட்டிய வகுப்பு. பேச்சு நிற்காது என்பதால் வாயாடி என்று பெயர்.

"பெரிம்மா, இன்னிக்குத்தானே ரிசல்ட்டு?"

"ஸ்கூல்ல டீச்சர்னு கூப்பிடு."

"டீச்சர் பெரிம்மா, காசு வந்தா மொதல்ல பாத்ரூம் கதவுக்குத் தாழ்ப்பாள் போடச் சொல்லுங்க. ஒருத்தி உள்ள போனா இன்னொருத்தி வெளிய காவல் நிக்க வேண்டியிருக்கு."

"போடலாம் போ."

"எங்க ரூம் மட்டும் நல்லா இருக்குன்னு விட்டுடாதீங்க," என்று சொல்லிவிட்டு அவள் ஓடிவிட்டாள். மற்ற அறைகளெல்லாம் அலங்கோலமாகக் கிடக்க, அந்த ஓரத்து அறை ஒன்று மட்டும் ஏன் மழமழவென்று இருக்கிறது என்று பெரியவள் ஒரு நிமிடம் நின்று யோசித்திருந்தால் இந்த அத்தியாயம் வேறு மாதிரிப் போயிருக்கும். அவளுக்குக் கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது.

*

துறை அலுவலகத்தின் கூட்ட அறையில் நாற்காலிகள் பற்றவில்லை. பெரியவளுக்குப் பக்கத்தில் பெற்றோர் சங்கத் தலைவி உட்கார்ந்திருந்தாள். தையல் கடை வைத்திருப்பவள், புடைத்த கைப்பையில் அளவு நாடா எப்போதும் எட்டிப் பார்க்கும். கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தாள். மேடை ஓரத்தில் மற்றப் பொறியாளர்களோடு சின்னவளும் இருந்தாள். அக்கா கையசைத்தாள். தங்கை தலையைக் குனிந்துகொண்டாள்.

ஆபீஸில் அக்காவைத் தெரியாதவள் மாதிரித்தான் இருக்க வேண்டும் போல என்று பெரியவள் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

கட்டடப் பிரிவின் தலைவர் எழுந்து பேசினார். சட்டைக்குக் கஞ்சி போட்டது போலவே பேச்சுக்கும் போட்டிருந்தார். 'ஒத்திவைக்கப்பட்ட பராமரிப்பு' என்றார், 'நிதி ஆதாரங்களின் உகந்த பயன்பாடு' என்றார், 'கட்டடத்தின் எஞ்சிய ஆயுள்' என்றார்.

"ஒத்திவைக்கப்பட்ட பராமரிப்புனா என்ன டீச்சர்?" என்று தையல்கடைக்காரி காதைக் கடித்தாள்.

"அப்புறம் பாத்துக்கலாம்னு விட்ட வேலை."

"அதுக்கு இவ்ளோ நீளமாவா பேரு வைப்பாங்க?"

திரையில் பள்ளிகளின் பெயர்கள் வந்தன. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிறம். சிவப்பில் எல்லாவற்றுக்கும் மேலே பெரியவளின் பள்ளி நின்றது. தையல்கடைக்காரி அவள் கையைப் பிடித்து அழுத்தினாள். பெரியவளுக்குக் கண்ணில் நீர் கட்டிவிட்டது. மாமாவுக்கு உடனே போன் போட்டுச் சொல்லவேண்டும் என்று நினைத்தாள்.

"சிவப்பில் உள்ளவை பழுதுபார்ப்பு எல்லையைத் தாண்டியவை," என்றார் தலைவர். "விகிதம் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டிவிட்டால், அந்தக் கட்டடத்தில் சீரமைப்புக்குச் செலவிடுவதில்லை என்பது கொள்கை முடிவு."

தையல்கடைக்காரி எழுந்து நின்றாள். "அப்போ இடிச்சுட்டுப் புதுசா கட்டித் தருவீங்க. அப்படித்தானே சார்?"

"மாணவர் எண்ணிக்கை போதுமானதாக இருந்தால் மாற்றுக் கட்டடம் உண்டு. இந்தப் பள்ளியின் பயன்பாட்டு விகிதம் குறைவு. இடத்துக்கு ஏற்ற பிள்ளைகள் இல்லை. எனவே இணைப்புப் பரிந்துரை செய்யப்பட்டிருக்கிறது."

"இணைப்புனா?"

"அருகிலுள்ள பள்ளியுடன் வளங்களை ஒருங்கிணைப்பது."

"சார், நான் துணி வெட்டறவ. எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க. எங்க ஸ்கூல் இருக்குமா, இருக்காதா?"

தலைவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கட்டடம் இருக்கும்மா. பயன்பாட்டில் இருக்காது."

பெரியவளுக்குக் காது அடைத்துப் போயிற்று. அவர் வாய் அசைவது தெரிந்தது, சொல்வது எதுவும் ஏறவில்லை. எழுந்து ஏதாவது கேட்க வேண்டும் என்று தோன்றியது. ஊரில் யாரும் செய்யாத கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டு செய்தது, தன் பள்ளியைத் தானே தூக்கிக்கொண்டு போய் எல்லைக்கு அந்தப் பக்கம் வைத்துவிட்டு வந்தது போல ஆகியிருந்தது.

"ஆட்சேபம் இருந்தால் தெரிவிக்கலாம். மறு ஆய்வுக்கு வழி இருக்கிறது," என்பது மட்டும் கடைசியில் காதில் விழுந்தது. அதை அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

வெளியே வந்ததும் தையல்கடைக்காரி அழுதுவிட்டாள். "என் பொண்ணு நடந்து போற தூரத்துல ஸ்கூல் இருக்குன்னுதான் டீச்சர் என்னால கடையே போட முடிஞ்சுது. சேக்கப் போற அந்த ஸ்கூலுக்கு பஸ் மாறிப் போகணும்."

"மூட விடமாட்டேன்," என்றாள் பெரியவள். "என்னை நம்புங்க. ஆட்சேபம் போடறேன். மறு ஆய்வுல சரியாயிடும்."

எப்படிச் சரியாகும் என்று அந்தம்மாள் கேட்கவில்லை. டீச்சர் சொன்னால் சரி என்று போய்விட்டாள்.

*

சின்னவள் அக்காவைக் கையைப் பிடித்து ஜெராக்ஸ் மெஷினுக்குப் பின்னால் இழுத்துப் போனாள்.

"என்னக்கா நடந்துச்சு? உங்க கட்டடம் எல்லைக்குக் கிட்டவே வந்ததில்லையே. நேத்துதான் ரிப்போர்ட் பாத்தேன். தூக்கிவாரிப் போட்டுடுச்சு. கூட்டத்துக்கு முன்னாடி வெளிய சொல்லக் கூடாது, அதான் சொல்லல."

பெரியவள் சொன்னாள். விடுமுறை, ஏணி, உளி, எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லச் சொல்லச் சின்னவளின் வாய் திறந்தபடியே நின்றது.

"கொத்தச் சொன்னியா? மாமாவை வச்சா?"

"நீதான்டி சொன்ன, புதுசு மாதிரி இருக்கு, அதான் காசு வரலன்னு."

"அதுக்காக? விகிதம் மேல போனா வரிசைல முன்னாடி போகும்னுதான் சொன்னேன். எல்லையைத் தாண்டினா ஆட்டத்துலயே இல்லக்கா."

"பாதியச் சொல்லிட்டு மீதிய முழுங்கினா நான் என்ன பண்ணுவேன்?"

"சாப்பிடற நேரத்துல துறையோட விதிமுறை முழுசையும் படிச்சுக் காட்டணுமா நான்? உங்க ஸ்கூல் அந்த எல்லைப் பக்கம் தலைவச்சுப் படுக்கும்னு நான் கனவா கண்டேன்?"

தூரத்தில் யாரோ டீ கொண்டு போனார்கள். பெரியவள் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பத்து விரலாலும் கணக்குப் போட்டவள் மாதிரி அவள் முகம் மாறியது.

"சரி. கொத்தினதைத் திரும்பப் பூசிட்டா? விகிதம் இறங்கிடும்ல? எல்லைக்குக் கீழ, வரிசையோட மேல. நமக்கு வேண்டியது அதுதானே?"

"அக்கா, நான் துறையில வேலை பாக்கறேன். இதெல்லாம் நான் கேக்கவே இல்ல."

"கேக்காத. ஆனா சாயங்காலம் ஸ்கூலுக்கு வா. எவ்வளவு பூசணும்னு கண்ணால பாத்துச் சொல்லு. உன் பொண்ணும் அங்கதான் படிக்கிறா."

சின்னவள் மறுக்கவில்லை. அக்கா இழுத்த இழுப்புக்குப் போவது அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே வந்த வியாதி.

*

பிள்ளைகள் எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு சின்னவள் வந்தாள், அடுத்துப் பட்டி மாமா வந்தார். வேறு ஒரு வீட்டு வேலையிலிருந்து அப்படியே வந்திருந்தார், முழங்கை வரைக்கும் வெள்ளை. பெரியவள் அவரிடம் நடந்ததைச் சொல்லி, எங்கெங்கே பூசவேண்டும் என்று விரல் நீட்டிக் காட்டிக்கொண்டே நடந்தாள். மாமா அவளுக்குப் பின்னால் ஆமாம் ஆமாம் என்று வந்தார். மாடிப்படிக்குக் கீழே வந்ததும் நின்றுவிட்டார்.

"கீழ் வராந்தாவைப் பூசிடறேன். ஜன்னல் மேல, தூண், எல்லாம் முடிச்சுக் கொடுத்துடறேன்."

"மேல?"

"மேல அந்த நடு ரூம் ரெண்டும் முடிச்சுடலாம்."

"ஓரத்து ரூம்?"

"அதை ஏற்கெனவே பூசிட்டேன்மா."

"எப்போ பூசினீங்க?"

"அன்னிக்கே. கொத்தின அன்னிக்கே."

பெரியவளுக்கு விளங்கவில்லை. அசிங்கமாக்கத்தான் கூட்டிவந்தோம், இவர் பூசியிருக்கிறாரே, கை சும்மா இருக்காதே இவருக்கு என்று அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது. "அதிசயம் போங்க. கொத்தச் சொன்னா பூசியிருக்கீங்க. ஏன்?"

மாமா உள்ளங்கையில் காய்ந்திருந்த பட்டியை நகத்தால் பெயர்த்துக்கொண்டிருந்தார். அவளிடம் சொல்வது மாதிரி இல்லாமல் கையிடம் சொல்வது மாதிரிச் சொன்னார்.

"பீம்ல உளிய வச்சேன். பூச்சு மட்டும் வரும்னு பாத்தா, கட்டியா ஒரு கல்லாட்டம் கழண்டு விழுந்துச்சு. உள்ள பாத்தேன். கம்பி கம்பியா இல்லம்மா. துருதான் இருக்கு. விரலால தொட்டா பொடியா வருது."

"அப்புறம்?"

"பயமா இருக்கக் கூடாதுன்னு நீதானே சொன்ன. மூடிட்டேன்."

சின்னவள்தான் குறுக்கே கேட்டாள்.

"எந்த ஓரம் மாமா?"

மாமா மறுபடியும் பட்டியைப் பெயர்த்தார்.

"ரெண்டு ஓரம் இருக்கு மாடியில. எந்த ஓரம்?"

"படிக்கட்டுப் பக்கம்."

சின்னவள் அதற்குள் பாதிப் படி ஏறிவிட்டாள்.

*

அந்த அறையில் வெளிச்சம் இன்னும் நன்றாக இருந்தது. பலகையில் யாரோ வரைந்த பூ அழியாமல் இருந்தது. பள்ளிக்கூடத்திலேயே அழகான அறை அதுதான். நடுவில் குறுக்கே போன பீம் வெண்ணெய் தடவினது போல வழவழப்பாக இருந்தது. ஆய்வுக் குழு வாசலில் நின்று அண்ணாந்து பார்த்து, 'இது திருப்தி' என்று எழுதிக்கொண்டு போயிருக்கும்.

மாமா ஏணியைத் தூக்கிவந்து போட்டார். ஏறப் போனவரைத் தடுத்துவிட்டுச் சின்னவளே ஏறினாள். அவரிடமிருந்து சுத்தியலை வாங்கி, பீமின் அடியில் ஒவ்வோர் அங்குலமாகத் தட்டிக்கொண்டு போனாள். ஓரத்தில் கணீரென்று கேட்டது. நடுவுக்கு வர வர ஓசை மாறியது. காலி டப்பாவைத் தட்டினது போலப் பொக்பொக்கென்றது.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க ரெண்டு பேரும்," என்றாள்.

இன்னொரு தட்டுத்தான் தட்டினாள், அதுவும் ஓங்கி இல்லை. மாமாவின் பூச்சு ஒரு பாளமாகப் பெயர்ந்தது, அதன் பின்னாலேயே பழைய கான்கிரீட்டும் வந்தது. இரண்டாவது பெஞ்சின் மேல் விழுந்து பலகையை இரண்டாக ஒடித்துவிட்டுத் தரையில் உருண்டது. தூசி அடங்குவதற்கு நேரம் பிடித்தது. மேலே, பீமின் வயிற்றுக்குள், கட்டைவிரல் பருமன் இருக்க வேண்டிய கம்பிகள் பென்சிலைவிட மெலிந்து, செதில் செதிலாகச் சிவந்து தொங்கின.

சின்னவள் இறங்கி வந்தாள். மேலே பார்க்கவில்லை, அந்தப் பெஞ்சைப் பார்த்தாள். அது யார் உட்காரும் பெஞ்சு என்று மூன்று பேருக்குமே தெரியும். பெற்றோர் கூட்டத்துக்கு வந்தால் சின்னவள் அதில்தான் உட்காருவாள், மகளின் இடம் என்று.

"தினமும் நான்தான் மாமா அவளைக் கொண்டாந்து விடறேன்," என்றாள். "வண்டியை நிறுத்தி, பையைக் கொடுத்து, சமத்தா படின்னு சொல்லி, இந்த ரூமுக்குத்தான் அனுப்பறேன்."

மாமா சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். அந்தப் பெரிய உடம்பு அப்படிச் சுருங்கிப் பெரியவள் பார்த்ததில்லை. அவளுக்குக் கோபம்கூட வரவில்லை.

"வீட்டுல எங்கூடதானே இருந்தீங்க," என்றாள் மெதுவாக. "சாப்பிட்டீங்க, டிவி பாத்தீங்க, வாயாடி வந்தா தூக்கி வச்சுக் கதை பேசினீங்க. ஒரு வார்த்தை சொல்ல வாய் வரலையா?"

"தினமும் சொல்லணும்னுதான் நினைப்பேன். காசு வந்ததும் மொத வேலையா இந்த ரூமைப் பிரிச்சுடலாம்னு இருந்தேன். மொத ஆளா நமக்குத்தான் வரும்னு நீ அவ்வளவு உறுதியா சொன்ன." அவர் நிமிர்ந்து பார்த்தார். "நான் பூசின பீம்மா இது. வருஷா வருஷம் ஈரம் தெரிஞ்சா பூசுவேன். உள்ள என்னன்னு ஒரு தடவைகூடப் பாக்கல."

பெரியவளுக்கு அப்போதுதான் முழுசாக உறைத்தது. துறையை ஏமாற்றுகிறோம், நல்ல கட்டடத்தை நோஞ்சானாகக் காட்டுகிறோம் என்று நினைத்துத்தான் அவள் சுவரைக் கொத்தச் சொன்னாள். கட்டடம் நிஜமாகவே சாகக் கிடந்திருக்கிறது. ஏமாந்தது அவள்தான். இத்தனை வருடமாக இங்கே மணியடித்து, வரிசையில் நிற்க வைத்து, பிள்ளைகளை இதற்கு அடியில் அனுப்பிக்கொண்டிருந்தவளும் அவள்தான்.

சின்னவள் முதலில் தேறினாள். தேறினாள் என்பதைவிட, அக்காவின் தங்கையாக இருந்தவள் பொறியாளராக மாறினாள் என்று சொல்லலாம்.

"அவசரப் பணின்னு ஒரு ஒதுக்கீடு இருக்கு. அதுக்கு வரிசையெல்லாம் கிடையாது. நான் இப்பவே சொன்னா காலையில முட்டுக் கொடுக்க ஆள் வருவாங்க."

"முட்டுக் கொடுத்துட்டு, சரி பண்ணித் தருவாங்களா?"

"விழாம நிறுத்துவாங்க. அவ்வளவுதான். அதுக்கும் தலைமை ஆசிரியர் கட்டடத்தைக் காலி பண்ணிட்டேன்னு சொல்லணும். மாடி முழுக்க." சின்னவள் நிறுத்தினாள். "காலி பண்ணிட்டா மாடி பயன்பாட்டுல இல்லாத இடம்னு கணக்காகும். அப்புறம் உங்க ஆட்சேபம் நிக்காதுக்கா. இணைப்பை யாராலயும் தடுக்க முடியாது. பிள்ளைங்களுக்கு மாற்று இடம் கொடுங்கன்னு கேட்டாக்கூட, மூடப் போற ஸ்கூலுக்கு எதுக்குன்னு சொல்லுவாங்க."

மாமா தரையிலிருந்தே பேசினார். "நான் வேணா நல்ல கம்பியா வாங்கியாந்து, ஆளுங்களை வச்சு..."

யாரும் அதை முடிக்கச் சொல்லவில்லை.

மூடி மறைப்பதைப் பெரியவள் நினைத்துப் பார்க்கவே இல்லை என்று எழுதினால் பொய்யாகும். நினைத்துப் பார்த்தாள். இந்த ஓர் அறையை மட்டும் பூட்டிவிட்டு, பெஞ்சு ஒடிந்துவிட்டது என்று சொல்லி, இந்த வகுப்பைக் கீழே உட்கார வைத்து, மறு ஆய்வு முடியும்வரை வாயை மூடிக்கொண்டிருந்தால்? பள்ளி பிழைக்கும். தையல்கடைக்காரிக்குக் கொடுத்த வார்த்தை பிழைக்கும். நடுவில் இருக்கும் இரண்டு அறைகளிலும் இதே பீம்தான் நீண்டு போகிறது என்று அவள் கண் தானாகவே கணக்கெடுத்தது. சின்னவள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பார்வையில் கெஞ்சல் இல்லை. அக்கா என்ன ஆள் என்று இப்போதுதான் முதல்முறையாகத் தெரிந்துகொள்ளப் போகிறவளின் பார்வை அது.

"போன் பண்ணு உங்க ஆபீசுக்கு," என்றாள் பெரியவள். "மாடியைக் காலி பண்ணியாச்சுன்னு நான் சொன்னேன்னு சொல்லு. நான் ஒரு போன் பண்ணணும்."

சின்னவள் வராந்தாவுக்குப் போனாள். பெரியவள் தன் போனை எடுத்துத் தையல்கடைக்காரியை அழைத்தாள். அந்தப் பக்கம் தையல் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது.

"டீச்சர், நல்ல நேரத்துல கூப்பிட்டீங்க. பெத்தவங்க எல்லாரையும் கடைக்கு வரச்சொல்லியிருக்கேன். ஆட்சேபத்துக்கு எங்க வந்து நிக்கணுமோ சொல்லுங்க, நிக்கிறோம்."

"ஆட்சேபம் வேண்டாம்மா."

மெஷின் நின்றது.

"நாளைலேர்ந்து மாடிக்கு யாரும் வரக் கூடாது. பீம் உள்ள இத்துப் போயிருக்கு. இப்பத்தான் ஒரு துண்டு விழுந்துச்சு. பிள்ளைங்க வீட்டுக்குப் போனப்புறம்தான் விழுந்துச்சு."

அந்தப் பக்கம் ஒருத்தி என்னவோ கேட்டாள், யாரோ உஷ் என்றார்கள். தையல்கடைக்காரிதான் திரும்பப் பேசினாள்.

"இன்னிக்குத்தான் தெரிஞ்சுதா டீச்சர்?"

பெரியவள் கணவரைப் பார்த்தாள். அவர் தலையை முழங்காலில் கவிழ்த்திருந்தார். இன்றுதான் என்று சொன்னால் அவள் வரைக்கும் அது பொய்யில்லை.

"எனக்கு இன்னிக்கு. என் வீட்டுக்காரருக்கு முன்னாடியே தெரியும். ஆய்வுக்கு வந்தவங்க கண்ணுல படாம பூசி மறைச்சிருக்கார். சுவரைக் கொத்தச் சொன்னது நான்."

"அப்போ இத்தனை நாளும் எங்க பிள்ளைங்க அதுக்கு அடியிலதான் இருந்தாங்களா?"

"ஆமா."

டீச்சர் என்றோ அம்மா என்றோ எதுவும் சொல்லாமல் அவள் பேசினாள். "அங்கேயே இருங்க. நாங்க வர்றோம். எல்லாரும் வர்றோம்."

போன் கட்டாகிவிட்டது. மாமா எழுந்து நின்றார். மனைவியின் முகத்தைப் பார்க்க முடியாமல் மூலையில் கிடந்த துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வந்து, ஒடிந்த பெஞ்சைச் சுற்றிக் கிடந்த கான்கிரீட் துண்டுகளைக் கூட்டத் தொடங்கினார்.

பெரியவள் அவர் கையிலிருந்து துடைப்பத்தை வாங்கிக்கொண்டாள்.

"அப்படியே கிடக்கட்டும்," என்றாள். "வந்து பாக்கட்டும்."

தெருவில் பேச்சுக் குரல்கள் நெருங்கி வருவது கேட்டது. கதவைத் திறந்து விடுவதற்காக அவள் கீழே இறங்கிப் போனாள்.